பொட்டலத்திடம் யார் சொல்வது?

அத்தியாயம் 14

மார்ச் ஒன்பதாம் தேதி, திங்கட்கிழமை. நான்காவது மாடி, இடப்பக்க வீடு. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்காக அன்று மூன்று பேர் வந்தார்கள். முதலில் வந்தவர் பதினோரு நிமிடம் இருந்தார். இரண்டாவதாக வந்தவர் இருபது நிமிடம். மூன்றாவதாக வந்தவர் பகல் ஒன்று பத்து வரை இருந்தார்.

வெள்ளிக்கிழமை வந்த கடிதம் பிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டியபடியே இருந்தது. பல் கட்டும் கூடத்தின் மேலாளர் நாலே வரி எழுதியிருந்தார். ஏழு மாத விடுப்பு இந்த மாதத்தோடு தீர்கிறது. அடுத்த மாதம் முதல் தேதி வந்து சேராவிட்டால் உங்கள் மேசைக்கு வேறு ஆள் எடுப்போம். வருவதாக இருந்தால் கீழே கையெழுத்திட்டு அனுப்பவும்.

கையெழுத்துப் போட வேண்டியவள் பிள்ளைகளுக்குச் சித்தி. இறந்துபோன அக்காவின் வீட்டை ஏழு மாதமாக அவள்தான் நடத்துகிறாள். அந்த மேசைக்கு வந்து சேர அவளுக்கு ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. முகம் பார்க்காத எத்தனையோ பேருடைய வாய்க்குப் பொருந்தும்படி பல் செய்து அனுப்பியிருக்கிறாள். வெள்ளை என்று நாம் பொத்தாம்பொதுவாகச் சொல்வதை, பதினாறு வெள்ளையாகக் கண்ணாலேயே பிரித்துச் சொல்லுவாள். அந்த வேலையை விட அவளுக்கு மனமில்லை. இந்த வீட்டை விட்டுக் கிளம்பவும் மனமில்லை. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு, அன்றைக்கு முன் வந்த எட்டுப் பேரையும் ஏதாவது ஒரு குறை சொல்லித் திருப்பி அனுப்பியிருந்தாள்.

"முந்தாநாள் வந்தவங்களுக்கு குரல் பெரிசு. நேத்து வந்தவங்களுக்கு நகம் பெரிசு," என்றார் பிள்ளைகளின் அப்பா. அவளுக்கு அத்தான். "நீ பிள்ளை பாக்க ஆள் தேடுறியா, பல் கட்ட அளவெடுக்கிறியா?"

"நகம் நீளமா இருந்தா பொட்டலத்தோட கண்ணுல குத்தும் அத்தான்."

"அவன் கண்ணுல ஒண்ணும் குத்தல. உன் கண்ணுலதான் குத்துது."

பொட்டலம் என்பது சின்னவன். பிறந்த அன்று துணியில் சுற்றிக் கொடுத்ததைப் பார்த்து அத்தான் சொன்ன வார்த்தை, பெயராகவே நின்றுவிட்டது. அடுத்த மாதம் மூன்று வயது. பெரியவளுக்கு எட்டு. எதற்கெடுத்தாலும் வாதாடுவதால் அவள் வக்கீல். அன்று பள்ளிக்கூடம் போயிருந்தாள்.

அத்தான் நீரேற்று நிலையத்தில் ஷிப்ட் பார்ப்பவர். ஒரு வாரம் காலை ஆறு மணிக்கு வேலை, மறுவாரம் பகல் இரண்டு மணிக்கு, அதற்கடுத்த வாரம் இரவு பத்து மணிக்கு. ஊருக்குத் தண்ணீர் நிற்கக் கூடாது. அதனால் அவரும் நிற்க முடியாது. இந்த வாரம் இரண்டு மணி.

முதலில் வந்த இளம்பெண் அந்த ஷிப்ட் விவரத்தைக் கேட்டதும், "எங்க வீட்டு கடிகாரமே எனக்கு சரியா ஓடாது, இதுல உங்க கடிகாரத்தையும் நான் சுமக்கணுமா?" என்று சிரித்துக்கொண்டே எழுந்துவிட்டாள்.

இரண்டாமவர் வந்ததும் வராததுமாகப் பொட்டலத்தின் கன்னத்தைக் கிள்ளினார். அவன் சித்தியின் காலைக் கட்டிக்கொண்டு கத்தினான்.

"கூச்சம்மா. நாலு நாள்ல வழிக்கு வந்துடுவான். வரலன்னா வர வெச்சிடுவேன்."

"சொல்லி அனுப்புறோம்," என்றாள் சித்தி. அந்த வாக்கியத்தை அவள் சொல்வது அது ஒன்பதாவது தடவை.

மூன்றாமவர் வந்தபோது மணி பதினொன்றரை. நாற்பத்தைந்து வயது இருக்கலாம். தடித்த கண்ணாடியைக் கயிறு கட்டிக் கழுத்தில் மாட்டியிருந்தார். பெயர் கேட்டதற்கு, "நான் பாத்துக்கிட்ட பிள்ளைங்க எல்லாம் கண்ணாடியக்கான்னு கூப்பிடும். அதுவே போதும்," என்றார். தரையில் பாய் போடப் போன சித்தியைத் தடுத்தார்.

"கீழ உக்காந்தா எழுப்ப ரெண்டு ஆள் வேணும். சாய்மானம் உள்ள நாற்காலி ஒண்ணு இருக்கா?"

இருந்தது. உட்கார்ந்தார். பொட்டலத்தைக் கூப்பிடவில்லை, பார்க்கவுமில்லை. கண்ணாடியைக் கழற்றி நிதானமாகத் துடைத்தார். கண்ணாடிக் கூட்டை மடியில் வைத்துத் திறந்தார், மூடினார். டப். மறுபடி திறந்தார், மூடினார். டப். அத்தானிடம் பேசிக்கொண்டே, கை தன் பாட்டில் அதைச் செய்தது.

"பெரியவங்க துணி துவைக்க மாட்டேன் சார். ஞாயித்துக்கிழமை வர மாட்டேன். பிள்ளைக்கு காய்ச்சல்னா ஞாயித்துக்கிழமையும் வருவேன்."

"எங்க ஷிப்ட் வாரத்துக்கு வாரம் மாறும்."

"மாறட்டுமே. காலண்டர்ல எழுதி மாட்டிடுங்க. படிக்கத் தெரியும்."

சித்தி அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். மேல்வரிசையில் முன்பல் ஒன்று கட்டினது. பக்கத்துப் பல்லைவிட ஒரு படி கூடுதல் வெள்ளை. எவனோ அவசரத்தில் நிறம் பார்த்திருக்கிறான். அதைத் தவிர அவளுக்குக் குறை எதுவும் அகப்படவில்லை. அது அவளுக்கு நிம்மதியாக இல்லை.

நாலாவது டப்புக்குப் பொட்டலம் நாற்காலிக்கு அருகில் வந்துவிட்டான். ஆறாவதை அவனே செய்தான். தன் விரல் கூட்டில் சிக்காததைப் பெரிய வெற்றியாக நினைத்து, சமையலறை வாசலில் நின்ற சித்தியைப் பார்த்துக் கூவினான்.

"அம்மா! இங்க பாரு! டப்!"

கண்ணாடியக்கா தலையைத் தூக்கினார். பிள்ளைகளுக்குத் தாய் இல்லை என்று ஆள் அனுப்பும் ஏஜெண்டு சொல்லித்தான் விட்டிருந்தான்.

"இவங்க யாருடா கண்ணு?"

"அம்மா."

"அப்படியா?"

"ம். நான் அம்மான்னு கூப்பிடுவேன். அக்கா சித்தின்னு கூப்பிடுவா." கொஞ்சம் யோசித்து, விவரத்தை முழுமையாக்கினான். "அப்பா, இங்க பாருன்னு கூப்பிடுவாரு."

கீழே தெருவில் லாரி ஒன்று பின்னால் வரும் பீப் சத்தம் கேட்டது.

"கூட்ட எடுத்துட்டுப் போய் அந்த ரூம்ல நூறு தடவை டப் பண்ணு. நான் இங்கேர்ந்து எண்ணுறேன்," என்று பொட்டலத்தை அனுப்பினார் கண்ணாடியக்கா. கதவுக்குப் பின்னால் டப் சத்தம் தொடங்கிய பிறகு, சித்தியிடம் திரும்பினார்.

"எப்போலேர்ந்து?"

சித்தி சொன்னாள். அக்கா மூன்று மாதம் ஆஸ்பத்திரியில் இருந்தாள். குழந்தைகளை உள்ளே விடவில்லை. கடைசி நாள் மழை. அக்கா இறந்ததும் சித்தி ஆஸ்பத்திரியிலிருந்து இந்த வீட்டுக்கு வந்தபோது, மாற்ற ஒரு துணிகூட இல்லாமல் நனைந்திருந்தாள். அக்காவின் அலமாரியிலிருந்து கைக்குக் கிடைத்த நைட்டியை மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள். ஒரே சாடை, ஒரே உயரம், ஒரே குரல். தூங்கி எழுந்து வந்த பொட்டலம் அவளைப் பார்த்து, "அம்மா வந்தாச்சு!" என்று ஓடி வந்தான்.

கூடம் நிறைய ஆட்கள் இருந்தார்கள். யாரும் திருத்தவில்லை. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தார்கள். நாளை என்பது ஏழு மாதம் நீண்டுவிட்டது. வக்கீல் மட்டும் தன்னால் ஆனதைச் செய்தாள். "சித்தி, தண்ணி குடு சித்தி. என் சாக்ஸ் எங்க சித்தி? அந்த சாக்ஸ் இல்ல சித்தி." தம்பியோ, தன் அக்கா அம்மாவுக்கு வைத்த செல்லப் பெயர் அது என்று எடுத்துக்கொண்டான்.

"முழுப் பூசணிக்காய சோத்துல மறைக்கிறதுன்னு கேள்விப்பட்டிருக்கேன்," என்றார் கண்ணாடியக்கா. "நீங்க அதுக்கு நைட்டியே மாட்டி விட்டுட்டீங்க."

அத்தானுக்குச் சிரிப்பு வருவதுபோல வந்து, பாதியில் வேறொன்றாகிவிட்டது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நீங்க எப்ப கிளம்புறீங்கம்மா?"

"மாசக் கடைசியில."

"அப்ப இந்த வேலை எனக்கு வேண்டாம்."

சித்தி அதை எதிர்பார்க்கவில்லை. ஒன்பது பேரை அவள் வேண்டாம் என்றிருக்கிறாள். ஷிப்டைக் கேட்டு எழுந்துபோனவள் உண்டு, அவளைக் காரணம் காட்டி வேண்டாம் என்றவர் யாருமில்லை.

"ஏன்? எங்ககிட்ட என்ன குறை?"

"முன்னாடி ஒரு வீட்டுல, அம்மா வேலைக்குப் போயிருக்காங்கன்னு பிள்ளைகிட்ட சொல்லி வெச்சிருந்தாங்க. அந்தப் பொண்ணு தினம் சாயங்காலம் ஆறு மணிக்கு வாசல்ல போய் நிக்கும். ஒன்றரை வருஷம் நின்னுது. வராத கோவத்த யார் மேல காட்டும்? போனவங்க மேலயா காட்ட முடியும்?" கட்டின பல்லை விரலால் தொட்டுக் காட்டினார். "அது எறிஞ்ச டம்ளர். அப்புறம் பிள்ளை உங்ககிட்ட ஒட்டலன்னு சொல்லி என்னையே நிறுத்திட்டாங்க. நீங்க பெட்டியத் தூக்கிட்டு இந்தப் படியில இறங்கினா, அவனுக்கு அம்மா போறாங்க. நான் வந்ததால போறாங்க. அந்தப் பழி எனக்கு வேண்டாம்மா. எனக்கு மிச்சம் இருக்கிற பல்லு என்னோடது."

"பாத்து மெதுவா சொல்லிடலாம்," என்றார் அத்தான். "கொஞ்சம் பெரியவனானதும்..."

"யாரு சார் சொல்லுவாங்க? எப்போ? ஸ்கூல்ல எவனாவது சொல்லுவான்."

அவர் எழுந்தார். ஆனால் உடனே போய்விடவில்லை. பொட்டலத்துக்குச் சித்தி சோறு ஊட்டுவதை நாற்காலியின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தார். அவன் அவள் மடியில் சாய்ந்து, ஒவ்வொரு வாய்க்கும் அவள் கன்னத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டுதான் விழுங்கினான். கடைசி வாய்வரை பார்த்துவிட்டுத்தான் செருப்பை மாட்டினார்.

"இன்னொரு வீட்டுலயும் கூப்பிட்டிருக்காங்க. சாயங்காலம் அஞ்சு மணிக்கு போன் பண்றேன். சொல்லியாச்சுன்னா வியாழக்கிழமை வரேன். நீங்க கிளம்புற வரைக்கும் கூடவே இருக்கேன். சொல்லலன்னா, சொல்லிட்டோம்னு பொய் மட்டும் சொல்லாதீங்க. வந்த அன்னைக்கே எனக்குத் தெரிஞ்சிடும்." கூட்டைக் கேட்டு வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். "ஒண்ணு. வெளியூர் போயிருக்காங்கன்னு மட்டும் சொல்லாதீங்க. வாசல்லயே நின்னுடும் பிள்ளை."

அவர் போனபோது மணி ஒன்று பத்து. அத்தான் ஒன்றரைக்குக் கிளம்பியாக வேண்டும். சாப்பாட்டு டப்பாவைப் பையில் வைத்தார். ஷூவின் கயிற்றைக் குனிந்து கட்டத் தொடங்கினார். கட்டி, அவிழ்த்து, மறுபடி கட்டினார்.

"நீ சொல்லிடேன்," என்றார் ஷூவிடம்.

"நானா? நான் உன் அம்மா இல்லன்னு நானே சொல்லணுமா அத்தான்?"

"எனக்கு வாய் வரல."

"அன்னைக்கும் வரல. அவன் ஓடி வந்தப்போ நீங்க வாஷ்பேசின் பக்கம் திரும்பி முகம் கழுவினீங்க."

"நீயும்தான் தூக்கிக்கிட்ட."

சித்தி சோற்றுத் தட்டை எடுத்துத் தொட்டியில் போட்டாள்.

"ஆமா. தூக்கிக்கிட்டேன். அக்கா போய் நாலு மணி நேரம்கூட ஆகல. யாராவது என்னைப் புடிச்சுக்கணும்போல இருந்துது. இவன் புடிச்சுக்கிட்டான். விடத் தோணல. இன்னிக்கும் தோணல."

அத்தான் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார். படியில் அவர் காலடி இறங்குவது கேட்டது. ஒரு மாடி இறங்கியது. மூன்றாவது மாடித் திருப்பத்தில் நின்றது. எவ்வளவு நேரம் நின்றது என்று அவள் எண்ணவில்லை. அப்புறம் மேலே ஏறி வந்தது.

வாசலில் நின்றபடியே, நிலையத்தில் காலை ஷிப்டில் இருந்தவருக்குப் போன் செய்தார். "நான்தான். அரை மணி நேரம் நீயே புடிச்சுக்கோ. இல்ல, உடம்புக்கு ஒண்ணும் இல்ல. வீட்டுல ஒரு வேலை." பதினோரு வருஷ வேலையில் அவர் தாமதமாகப் போவது அதுதான் முதல் தடவை.

"அந்த போட்டோவ எடு," என்றார்.

எந்தப் போட்டோ என்று சித்தி கேட்கவில்லை. கூடத்துச் சுவரில் மாட்டியிருந்ததை, அக்கா போன மூன்றாவது வாரமே கழற்றி அலமாரியில் துணிகளுக்கு அடியில் வைத்தவள் அவள்தான். தூசி படிகிறது என்று அன்று காரணம் சொன்னாள். சுவரில் ஆணி மட்டும் இருந்தது.

படத்தில் அக்காவும் தங்கையும் தோளோடு தோள் ஒட்டி நிற்கிறார்கள். இருவருக்கும் ஒரே நிறச் சட்டை. இருவரும் சிரிக்கிறார்கள்.

அத்தான் ஷூவைக் கழற்றாமலே தரையில் உட்கார்ந்தார். பொட்டலத்தை மடியில் இழுத்துக்கொண்டார்.

"இதுல யாரு இருக்காங்க சொல்லு."

பொட்டலத்தின் விரல் தயங்காமல் வலப்பக்கம் போயிற்று. "அம்மா."

"இல்லடா. இது சித்தி. அம்மாவோட தங்கச்சி. அக்காவுக்கும் சித்தி, உனக்கும் சித்தி." அவன் விரலைப் பிடித்து இடப்பக்கம் நகர்த்தினார். "இவங்கதான் அம்மா. அம்மாவுக்கு உடம்பு சரியில்லாம போச்சு. ஆஸ்பத்திரிக்குப் போனாங்க. அங்க செத்துப் போயிட்டாங்க. திரும்பி வர மாட்டாங்க."

நீரேற்று நிலையத்தில் அளவைப் படித்துச் சொல்லும் குரலில், ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். முடித்ததும் அவர் தாடை ஆடியது. சித்திக்கு அது பற்கள் ஒன்றோடொன்று உரசும் சத்தமாகவே கேட்டது.

பொட்டலம் நிமிர்ந்து சித்தியைப் பார்த்தான். தலை முதல் கால் வரை பார்த்தான்.

"நீ செத்துப் போயிட்டியா?"

"இல்ல கண்ணு. நான் இங்கதான் இருக்கேன்."

"நீ சித்தியா?"

"ஆமா."

அவன் மறுபடி படத்தைக் குனிந்து பார்த்தான். இடப்பக்கத்து முகத்தின் மேல் மூக்குப் படும் அளவுக்குக் குனிந்து, வெகுநேரம் பார்த்தான்.

"இது யாரு?"

"அம்மாடா."

"தெரியல," என்றான் பொட்டலம்.

அதற்கு மேல் அத்தானால் உட்கார முடியவில்லை. ஒன்று ஐம்பத்தைந்துக்குக் கிளம்பினார். இந்தத் தடவை படியில் எங்கும் நிற்கவில்லை.

மூன்று பத்துக்கு வக்கீல் வந்தாள். சோபாவின் மேல் கிடந்த படத்தைத்தான் முதலில் பார்த்தாள்.

"சித்தி, இத யாரு வெளிய எடுத்தது சித்தி?"

"அப்பா. தம்பிகிட்ட சொல்லிட்டாரு."

ஏழு மாதமாக அவள் நடத்திய வழக்கு இது. ஜெயித்ததாக அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பையைக் கழற்றாமலே நின்றாள்.

"அழுதானா?"

"இல்ல."

"ஏன் அழல?"

"அவனுக்கு ஞாபகம் இல்லடா செல்லம். தெரியலன்னு சொன்னான்."

வக்கீல் வாதாடவில்லை. படத்தை எடுத்துக்கொண்டு தம்பியிடம் போனாள். தரையில் அவனுக்கு எதிரே உட்கார்ந்து, சாட்சி காட்டுவதுபோல ஒவ்வொன்றாகக் காட்டினாள்.

"இங்க பாரு. அம்மாவுக்கு இங்க மச்சம். சித்திக்கு இல்ல. அம்மா சிரிச்சா சத்தமே வராது, தோள் மட்டும் ஆடும். குளிக்க வெச்சதும் உன் வயித்துல வாய வெச்சு ஊதுவாங்க. புர்ர்ர்னு."

"எனக்கா?"

"உனக்குத்தான்."

"வலிச்சுதா?"

"வலிக்காது. நீ சிரிப்ப. நீ சிரிக்கிறத பாத்து அம்மா..."

அங்கே நின்றுவிட்டாள். படத்தை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு, தலையைக் குனிந்து, பள்ளிப் பை முதுகில் குலுங்கக் குலுங்க அழுதாள். ஆஸ்பத்திரியிலிருந்து செய்தி வந்த அன்றுகூட அவள் இப்படி அழவில்லை. தம்பிக்குப் பிழைத்திருந்த அம்மா அவளுக்கு மட்டும் செத்துப்போயிருந்தாள். ஏழு மாதம் அந்தச் சாவை அவள் ஒற்றை ஆளாகச் சுமந்திருக்கிறாள். அது சித்திக்கு அப்போதுதான் உறைத்தது. அவள் கூப்பாடு போட்டுச் சொன்ன ஒவ்வொரு "சித்தி"யும் அழுகைக்குப் பதிலாக வந்தது என்பதும் உறைத்தது. குனிந்து அவளை அணைக்கப் போனாள். வக்கீல் விலகவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள்.

"நீ போயிடுவியா சித்தி?"

ஒரே ஒரு சித்திதான் இருந்தது அந்த வாக்கியத்தில். பிரிட்ஜ் கதவில் கடிதம் அப்படியே இருந்தது. சித்தி அவள் முதுகிலிருந்து பையைக் கழற்றினாள்.

ஐந்து மணி ஏழு நிமிடத்துக்குப் போன் அடித்தது.

"சொல்லியாச்சா?"

"சொல்லியாச்சு."

"யாரு சொன்னது?"

"அவங்க அப்பா."

"பிள்ளை என்ன சொல்லுச்சு?"

"படத்துல இருக்கிறது யாருன்னு கேட்டான்."

"வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு வரேன்," என்றார் கண்ணாடியக்கா. "அந்த நாற்காலிய எடுத்துப் போட்டுடாதீங்க."

ஆறு மணிக்குப் பொட்டலம் சமையலறை வாசலில் வந்து நின்றான். வாயைத் திறந்தான். சித்தி அடுப்பின் முன்னால் அப்படியே நின்று காத்திருந்தாள். அவன் வாயை மூடிக்கொண்டு அருகில் வந்து, அவள் சட்டை நுனியை இழுத்து, குடிக்கும் தண்ணீர் இருந்த பக்கம் கையைக் காட்டினான். அவள் தண்ணீர் கொடுத்தாள். குடித்துவிட்டு டம்ளரைத் திருப்பிக் கொடுத்தான்.

அன்று தூங்கப் போகும்வரை அவன் அவளை எந்தப் பெயர் சொல்லியும் கூப்பிடவில்லை.